கால எடு, மாப்ள

என் தம்பியைச் சிபாரிசு செய்தது நான்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். வாரம் முழுக்கத் தேய்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையானால் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவார். விளையாட்டுத்தான், ஆனால் அவரிடம் போய் அப்படிச் சொல்லிவிட முடியாது. சாப்பாட்டு மேசையில் ஸ்டீயரிங்கை முடுக்கி, கீழே பெடல்களை வைத்து, எங்கெங்கோ இருக்கும் முப்பது பேரோடு நெட்டில் மோதுவார். ஒரு காருக்கு இரண்டு பேர், ஆளுக்குப் பாதிப் போட்டி. இந்த வருடத்துக் கடைசிப் போட்டியில் முதல் பத்துக்குள் வந்தால் மேல் பிரிவுக்கு ஏறலாம். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே விஷயம் இதுதான்.

போட்டிக்கு முந்தின நாள் அவருடைய ஜோடிக்காரருக்குக் கை சுளுக்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "என் தம்பி இருக்கானே!" என்றேன். தம்பி கார் ஷோரூமில் விற்பனையாளன். வாய் கிழியப் பேசுவான். இந்த விளையாட்டையும் நன்றாகவே ஓட்டுவான். சின்ன வயதிலிருந்து அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியே எனக்குப் பழக்கம்.

முதல் பாதி இவர் ஓட்டினார். நான் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், இவர் ஓட்டுவதைப் பார்த்தால் கொட்டாவிதான் வரும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் வெகு முன்னாலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். கார் தன் போக்கில் உருண்டு போய்த் திரும்பும். அப்படிச் செய்தால் பெட்ரோல் குறைவாகக் குடிக்குமாம், டயரும் தேயாதாம். திரையின் மூலையில் டயருக்கு ஒன்றாக நான்கு கட்டங்கள் உண்டு. தேயத் தேயப் பச்சை மஞ்சளாகி, சிவப்பாகும். பக்கத்தில், மீதி பெட்ரோல் எத்தனை சுற்றுக்கு வரும் என்ற எண்.

"என்ன மாமா, பின்சீட்ல கொழந்த தூங்குதா? மிதிங்க!" என்றான் தம்பி. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவர் அடுத்த திருப்பத்துக்கும் முன்னாலேயே காலை எடுத்தார். முந்திப் போனவர்கள் எல்லாம் டயர் மாற்ற இரண்டு தடவை நின்றார்கள். இவர் பாதியில் ஒரே ஒரு தடவைதான் நின்றார். டயர் மாற்றி, பெட்ரோல் நிரப்பி, நாற்காலியைத் தம்பிக்குக் கொடுத்தபோது எங்கள் கார் எட்டாவது இடத்தில் இருந்தது.

"இனிமே எங்கயும் நிக்க வேணாம். எட்டாவதாவே வந்தா போதும்," என்றார். "திருப்பத்துக்கு முன்னாடி கால எடு, மாப்ள. கால எடுத்தா பெட்ரோல் பத்தும். எடுக்கலேன்னா பத்தாது."

"நாலாவதா கொண்டுவந்து நிறுத்தறேன், பாருங்க."

மிதித்தான். ஏழாவது ஆனான், ஆறாவது ஆனான். நான் மடித்த துணியை மடியில் போட்டுக்கொண்டு கைதட்டினேன். இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "கால எடு... கால எடு..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"சும்மா இருங்க மாமா, கவனம் கலையுது!"

அதற்கப்புறம் இவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பம் வரும்போதும் இவருடைய வலது கால் தரையிலிருந்து தானாக மேலே எழும்பியது. அதையும் பார்த்துச் சிரித்தேன் நான்.

கட்டங்கள் மஞ்சளாகி, சிவப்பாயின. திருப்பங்களில் கார் வழுக்க ஆரம்பித்தது. விட்ட நேரத்தைப் பிடிக்க இன்னும் மிதித்தான். மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் கரைந்தது. ஏழு, எட்டு, ஒன்பது என்று பின்வாங்கினோம். இரண்டு சுற்று பாக்கி இருக்கையில் பெட்ரோல் ஒரு சுற்றுக்குக்கூட இல்லை. தம்பியின் காது மடல் சிவந்துவிட்டது. இவர் திரையைப் பார்க்கவே இல்லை, குனிந்த தலை நிமிரவில்லை. மனம் நொந்து நிற்கிறார் என்று நினைத்தேன்.

தரையில் இருந்ததால் எனக்கு மேசைக்கு அடியில் எல்லாம் தெரிந்தது. தம்பியின் இடது கால் பெடலை விட்டு மெல்ல நகர்ந்தது. சாக்ஸ் போட்ட கட்டைவிரல் எக்ஸ்டென்ஷன் போர்டைத் தடவி, மோடத்தின் சுவிட்சை அழுத்தியது. பச்சை விளக்கு அணைந்தது.

"அடச்சே! நெட் போச்சு மாமா! போறதுக்கு நேரம் பாத்திருக்கு பாருங்க!"

என்னைப் பார்த்தான். நான் பார்த்துவிட்டேன் என்று புரிந்ததும் கண்ணை விலக்கிக்கொண்டான். நான் சட்டென்று ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

போன் அடித்தது. போட்டியை நடத்துகிறவர். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சார், உங்க கார் திடீர்னு காணாம போச்சு? நெட் கட்டாயிருந்தா ஒம்பதாவது எடத்தையே தந்துடலாம், விதியில இருக்கு. மத்தவங்கன்னா ஆதாரம் கேப்பேன். நீங்க வாயால சொன்னா போதும்."

ஒன்பதாவது என்றால் மேல் பிரிவு. ஆமான்னு சொல்லிடுங்க, ஆமான்னு சொல்லிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். இவருக்காகக் கெஞ்சவில்லை. என் பிறந்த வீட்டு மானம் அந்தக் கட்டைவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நெட்டு மேல தப்பில்ல சார்," என்றார். "பெட்ரோல் பத்தாம எப்படியும் நடுவழியில நின்னிருக்கும். என் கணக்குதான் தப்பிடுச்சு."

போனை வைத்ததும் தம்பி எகிறினான். "என்ன மாமா, கைக்கு வந்தத இப்படித் தட்டி விட்டுட்டீங்க!"

"விடு மாப்ள. காபி குடிச்சிட்டுப் போ."

அவன் குடிக்கவில்லை. வேலை இருக்கிறது என்று முனகிக்கொண்டு ஷூவை மாட்டினான். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தாலும் அவனிடம் என்ன பேசியிருப்பேன், தெரியவில்லை.

கதவு சாத்தியதும் இவர் மேசைக்கடியில் குனிந்து சுவிட்சைப் போட்டார். மோடம் கண் சிமிட்டியது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"என்னங்க... உங்க கணக்கு ஒண்ணும் தப்பில்ல. அவன்..."

"தெரியும்." ஸ்டீயரிங்கின் திருகாணியைத் தளர்த்திக்கொண்டே சொன்னார். "கால எடுப்பானா எடுப்பானான்னு அவன் காலையேதான் பாத்துட்டு நின்னேன். கடைசியில எடுத்தான்."

நான் எழுந்திருக்கவில்லை. ஸ்டீயரிங்கைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம்.

"நீ பாத்ததையும் பாத்தேன்," என்றார்.