சிரிப்புக்கு ஒரு பொத்தான்

முடி வெட்டுறவருக்குக் கை நல்லா இருந்தா போதும்னுதான் யாரும் நினைப்பாங்க. இவருக்குக் கை கில்லி மாதிரி இருக்கு, போனது குரல். தொண்டையில வந்த கட்டியோட குரல்வளையையும் எடுத்துட்டாங்க. அந்தக் கடைக்கு ஆளுங்க வந்ததே பாதி முடிக்கு, பாதி அவர் வாய்க்கு. திறந்த வாய் மூடாத மனுஷன், அதனால பேரே ரேடியோ.

நாலு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் கடையைத் திறந்திருக்கார். சரிப்பட்டு வரலைன்னா சாயங்காலமே சாவியைக் கட்டட ஓனர்கிட்ட கொடுத்துடுவேன்னு மகளுக்கு எழுதிக் காட்டிட்டார். மகளா விடுவா? போன்ல நாலு பொத்தான் செஞ்சு, கண்ணாடிக்குக் கீழே நிக்க வச்சுட்டா. அமுக்கினா போன் பேசும். "வாங்க, உக்காருங்க." "மீசையும் ஒதுக்கவா?" "தலையைக் குனிங்க." நாலாவது, "எல் ஓ எல்."

அது என்னன்னு புருவத்தாலேயே கேட்டார்.

"சிரிப்புப்பா. சாட்ல எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறாங்க."

சிரிப்புக்குக்கூடவா இனிஷியல்? தலையில அடிச்சுக்கிட்டார்.

முதல்ல வந்தவர் பழைய வாடிக்கை, லாரி டிரைவர். உக்காந்ததும் மாமியார் கதை ஒண்ணை எடுத்துவிட்டார். இவர் ஈரக்கையால சிரிப்பை அமுக்கினார். ம்ஹூம். இன்னும் ரெண்டு தடவை அமுக்கினார். போன் அசையலை. டிரைவர் குரல் இறங்கிப் போச்சு.

"நாலு நாள் முன்னாடி என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கண்ணே."

"எல் ஓ எல்"னுச்சு போன். "எல் ஓ எல். எல் ஓ எல்."

பாவி போன், அமுக்கினதுக்கெல்லாம் சேர்த்து வச்சுச் சிரிச்சுது. இவருக்கு உயிரே போயிடுச்சு. மன்னிப்புக் கேக்கப் பொத்தான் இல்லை. கத்தரிக்கோலும் கையுமா கும்பிட்டார். எனக்கு எதுக்கு இனிமே கடைன்னு நினைச்சார், பொத்தான் செஞ்ச மகளையும் மனசுக்குள்ள திட்டினார்.

டிரைவர் கண்ணாடியில இவரையே பார்த்தார். அப்புறம் போனைப் பார்த்தார். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சவர்தான், நிறுத்தவே முடியலை.

"வீட்டுலயும் தெருவுலயும் எழவு விசாரிக்கிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுறாங்கண்ணே. நாலு நாள்ல நீங்க ஒருத்தர்தான் சிரிச்சீங்க."

இவருக்கும் தாங்கலை. சத்தம் வரலை, தோள் மட்டும் குலுங்குச்சு, கண்ணுல தண்ணி ஓடுச்சு. கத்தரிக்கோலைக் கீழே வச்சுட்டு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் சிரிச்சது அதுதான் முதல் தடவை. சந்தோஷமா இருந்துச்சு, அவ்வளவுதான்.

"நாளைக்கு வேற கம்பெனியில வரச் சொல்லியிருக்காங்க. போறதுக்கு முன்னாடி ஷேவ் பண்ணிக்கணும். எத்தனை மணிக்குத் திறப்பீங்கண்ணே?"

இவர் யோசிக்கவே இல்லை. ரெண்டு கையையும் தூக்கி ஏழு விரலைக் காட்டினார்.