இன்னைக்குத்தான் மொத தடவ

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது இருதயராஜின் சைனீஸ் ஹோட்டல். பலகையில் 'கோல்டன் பேம்பு' என்று போட்டிருந்தது. ஊர் வாயில் அது 'பாம்பு கடை' ஆகிவிட்டது. மொத்தம் ஆறே மேசை. சனிக்கிழமை சாயங்காலம் போனால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். புதுச்சேரியில் ஒரு நேபாளி மாஸ்டரிடம் பதினோரு வருடம் வேலை செய்து கற்றுக்கொண்டு வந்தவர் இருதயராஜ். அவர் மனைவி ஆரோக்கியசெல்வி முட்டைக்கோஸையும் குடைமிளகாயையும் தலைமுடி மாதிரி நறுக்கிக் கொடுப்பாள். அவர் அடுப்பைச் சீற விட்டுக் கடாயை உலுக்கினால் அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் வரும்.

ரஞ்சித் நாலு வருடமாக அங்கே சாப்பிட்டு வந்தான். அவனுக்கு விழுப்புரத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலை, குடித்தனம் திண்டிவனத்தில். சனிக்கிழமை அவன் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மனைவி புனிதாவும் ஆறு வயது மகள் ஓவியாவும் கடை வாசலில் இடம் பிடித்திருப்பார்கள். ஓவியாவுக்கு மிளகாய் போடாத முட்டை நூடுல்ஸ் கேட்காமலே வரும். ஒரு முறை அவள் அம்மை போட்டு எழுந்து எதையுமே வாயில் வைக்காமல் கிடந்தாள். அதைக் கேள்விப்பட்ட இருதயராஜ், தூக்கில் சூப் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அன்றைக்குத்தான் பிள்ளை வயிறு நிறையக் குடித்தாள். ரஞ்சித் அவரை அண்ணே என்பான், அவர் அவனைத் தம்பி என்பார். எந்த ஊர், என்ன சாதி என்று அவன் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று அவன் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தான்.

போன ஆவணியில் அவன் தங்கை கிருஷ்ணவேணிக்கு ஒரு வரன் வந்தது. அப்பா இல்லாத வீடு, இவன்தான் எல்லாம் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போய் அவளுக்கு இருபத்தொன்பது வயதாகியிருந்தது. இந்த வரன் விழுப்புரத்தை ஒட்டின ஊர். மாப்பிள்ளை மணிமாறன் தனியார் கம்பெனியில் இன்ஜினியர். அவன் அப்பா சீனுவாசன் பத்து ஏக்கர் நஞ்சை வைத்துச் சொந்தமாகப் பயிர் செய்கிறவர். பெண் பிடித்துப்போய், கல்யாண மண்டபம் பார்க்க அப்பாவும் பிள்ளையும் ஒருநாள் திண்டிவனம் வந்தார்கள். பார்த்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. மணிமாறன் சைனீஸ் சாப்பிடலாமா என்று கேட்டதும் ரஞ்சித்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்ம ஊரில் இதைவிட நல்ல கடை கிடையாது என்று காட்டிவிட வேண்டும் என்று, புனிதாவையும் ஓவியாவையும் வரச் சொல்லி, எல்லாரையும் அங்கே கூட்டிப்போனான்.

சில்லி சிக்கனும் ப்ரைடு ரைசும் வந்தன. சீனுவாசன் முதலில் சந்தேகமாகத்தான் ஸ்பூனை எடுத்தார். இரண்டு வாய் போனதும் முகம் மலர்ந்தது. மதியத்தில் அவ்வளவு கூட்டம் இல்லாததால், ஓவியாவின் நூடுல்ஸை இருதயராஜே கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கைப்பக்குவம் நன்றாக இருக்கிறது என்று பெரியவர் அவரைப் பாராட்டினார். பிறகு, எந்த ஊருப்பா என்று கேட்டார். பெருமுக்கல் பக்கம் என்றார் இருதயராஜ். சீனுவாசனுக்கு இன்னும் உற்சாகமாகிவிட்டது. அவருடைய அம்மா பிறந்த ஊரும் அந்தப் பக்கம்தானாம்.

"ஊருக்குள்ள எங்க இருக்கீங்க?" என்று கேட்டார்.

"காலனிங்க. மாதா கோயில் தெரு," என்றார் இருதயராஜ். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சீனுவாசன் ஸ்பூனைக் கீழே வைத்தார். தட்டை ஒரு கை தூரத்துக்குத் தள்ளினார். மேசையில் ஊற்றி வைத்த தண்ணீரைத் தொடாமல், காரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். பிறகு ரஞ்சித்தைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க இங்கதான் அடிக்கடி வருவீங்களா?"

அந்த ஒரு நொடியில் ரஞ்சித்துக்குத் தட்டிப்போன மூன்று வரனும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"இல்லீங்க மாமா. இன்னைக்குத்தான் மொத தடவ. ஆபீஸ்ல யாரோ நல்லாருக்கும்னாங்க, அதான்."

இருதயராஜ் இரண்டடி தள்ளித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டை ஓவியா முன்னால் வைத்தார். பிள்ளைக்கு என்ன தெரியும். மாமா, மொளகா போடல இல்ல, என்று எப்போதும் போல அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். சீனுவாசன் பிள்ளையைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார்.

"சின்னப் புள்ளைங்க யாருக்குமே நாங்க காரம் போடறதில்ல பாப்பா," என்றார் இருதயராஜ். பிறகு ரஞ்சித்திடம், "சார், வேற எதனா வேணுங்களா?" என்றார்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெரியவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததால் இவனும் தன் தட்டைத் தள்ளினான். மணிமாறன் குனிந்த தலை நிமிராமல் பாதி சாப்பிட்டு எழுந்தான். புனிதா மட்டும் தன் தட்டைக் காலி செய்துவிட்டு, புருசன் தள்ளி வைத்ததையும் இழுத்து வைத்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அதிகம் பேசவில்லை.

"உங்க பொய்ய காப்பாத்தறதுக்கு அவரு ஒரு பொய் சொல்ல வேண்டியதா போச்சு," என்றாள். அவ்வளவுதான்.

அதன்பிறகு ஐந்து சனிக்கிழமை ரஞ்சித் அந்தப் பக்கமே போகவில்லை. ஷோரூமில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்றான், தலைவலி என்றான். பஸ்ஸை விட்டு இறங்கினால் பாலத்துக்கு அந்தண்டைப் பக்கமாகவே நடந்து வீட்டுக்குப் போனான். ஏன் போகவில்லை என்று ஓவியா கேட்டபோது புனிதா, அப்பாவையே கேளு என்று சொல்லிவிட்டாள். ஷோரூமில் யாராவது சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டினால்கூட அவனுக்கு அந்தத் தட்டு நினைவுக்கு வந்தது. பெரியவர் தட்டைத் தள்ளினதை அவன் மன்னித்துவிடுவான் போலிருந்தது. அவர் அப்படியே வளர்ந்தவர். நாலு வருடம் சாப்பிட்டுவிட்டுத் தன் கை தள்ளியதை என்ன செய்வது?

ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, மதியம் மூன்று மணிக்குக் கடைக்குப் போனான். இருதயராஜ் மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். வாங்க சார் என்றார். ரஞ்சித் உட்காராமலே, அன்றைக்கு நான் பேசினது தப்பு, தங்கச்சி கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று கடகடவென்று சொல்லி முடித்தான். அவர் கத்தியை வைக்கவில்லை.

"ஈ காக்கா இல்லாத நேரமா பாத்து வந்துக்கினு எங்கிட்ட சொல்றீங்க," என்றார். "எங்கிட்ட சொல்றதுக்கு என்னா இருக்கு? நீங்க பொய் சொன்னது அவருகிட்ட."

அதில் கோபம் இல்லை. அதுதான் ரஞ்சித்தை நிற்க விடாமல் செய்தது. உள்ளேயிருந்து ஆரோக்கியசெல்வி எட்டிப் பார்த்து, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

"எம்பேர வச்சியா பொய் சொன்ன? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள். பிறகு, போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வா, இதைக் கேட்டு நிற்கிற கல்யாணமாக இருந்தால் நின்றுபோகட்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சீனுவாசன் வீட்டுக்குப் போனான். வாசலில் மல்லாட்டைக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, பத்திரிகை அடிக்கிற பேச்சை எடுத்தார். ரஞ்சித் காபியைக் கையில் எடுக்கவில்லை. அன்றைக்குச் சொன்னது பொய், அந்தக் கடையில் நாலு வருடமாக வாராவாரம் சாப்பிடுகிறோம், இனிமேலும் போவோம் என்றான்.

சீனுவாசன் சிரித்தார்.

"தெரியும் தம்பி. உங்க பொண்ணு அவன மாமான்னு கூப்ட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா பெரியவன் எதிர்ல விட்டுக் குடுத்தீங்க பாருங்க, அந்த மரியாதயதான் நான் பாத்தேன். இந்த எடத்துல பொண்ணு எடுக்கலாம்னு மனசார முடிவு பண்ணதே அதுக்கப்புறந்தான்."

ரஞ்சித்துக்கு உடம்பெல்லாம் கூசியது. கடையில் பொய் சொன்னபோதுகூட இவ்வளவு கூசவில்லை. அந்தப் பொய் யாரையும் ஏமாற்றவில்லை. அவனை இவருக்குப் பிடித்தவனாக ஆக்கியிருந்தது, அவ்வளவுதான்.

"அது மரியாத இல்லீங்க மாமா, பயம்," என்றான். "நீங்க தட்ட தள்ளுனதும் தப்புங்க."

சீனுவாசனின் சிரிப்பு நின்றது. இவன் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தான். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மணிமாறன் போன் செய்தான். உள்ளேயிருந்து எல்லாம் கேட்டதாகவும், அப்பாவைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். நானும் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டுதானே சாப்பிட்டேன் என்றான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் சீனுவாசன் சம்பந்தி வீட்டார் எல்லாரிடமும் பேசினார், ரஞ்சித்தைத் தவிர. இருதயராஜுக்கும் பத்திரிகை வைத்திருந்தான். நேரில் போய், கடை நிறையக் கூட்டம் இருந்த சனிக்கிழமையில்தான் வைத்தான். அவர் வாங்கிக்கொண்டார், கல்யாணத்துக்கு வரவில்லை.

மறுபடி சனிக்கிழமைதோறும் மூன்று பேரும் போகிறார்கள். சீனுவாசனிடம் போய்ச் சொன்னதை ரஞ்சித் இதுவரை இருதயராஜிடம் சொல்லவில்லை. பலமுறை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் செய்ததற்குக் கூலி கேட்டது போல ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டான். இருதயராஜ் ஓவியாவிடம் சிரித்துப் பேசுகிறார், புனிதாவிடம் வீட்டு விஷயம் விசாரிக்கிறார். இவனிடம் வந்தால், சாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். ரஞ்சித் வேண்டியதைச் சொல்கிறான். வந்ததைக் குனிந்தபடி சாப்பிடுகிறான். ருசி குறையவில்லை. அதை அவரிடம் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.