அண்ணனைவிட இளைய பண்டிகை

வெர்னெட்டாவுக்கு அந்த டிசம்பரில் ஒரே ஓர் ஆசைதான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் வருடக் கடைசியில் கொண்டாடும் குவான்ஸா பண்டிகையின் விருந்தன்று, இறந்துபோன அம்மாவின் பெயரைச் சொல்லி, ஒற்றுமைக் கோப்பையிலிருந்து அண்ணன் க்ளோவிஸ் மண்ணில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூத்தவர் இருக்கும்போது தானே ஊற்றுவது ஒவ்வொரு வருடமும் அவளுக்கு உறுத்தியது.

க்ளோவிஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே கேலியை ஆரம்பித்துவிடுவார்.

"இதே லாஸ் ஏஞ்சல்ஸ்ல அந்தப் பண்டிகை பொறந்தப்போ நான் சைக்கிள் ஓட்டிக்கிட்டிருந்தேன். என்னைவிடச் சின்னது. அதுதான் எனக்கு வணக்கம் சொல்லணும்."

இந்த முறையும் மறுத்துவிட்டார். அவள் விருந்துக்குச் சமைத்த கீரைச் சட்டியைக் காரில் கொண்டுவந்து இறக்கித் தருவதோடு சரி என்றார். சொன்னபடியே சட்டியை இறக்கிவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல், மண்டபத்து வாசலில் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

பண்டிகைப் பெயரின் பொருளைப் பற்றி வெர்னெட்டா பத்து நிமிடம் பேசுவதாக ஏற்பாடு. வாசலில் நிற்பவர் காதிலும் நாலு வார்த்தை விழட்டும் என்றுதான் ஒரு வாரமாகத் தயாராகியிருந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் மைக்கைப் பிடித்த சிறப்பு விருந்தினர் விடவே இல்லை. தரையைத் தொடும் அங்கியும் கனத்த குரலுமாக, ஆப்பிரிக்கப் பேரரசர்கள் மூவாயிரம் வருடங்களாக இதே பெயரில் இதே பண்டிகையைக் கொண்டாடிவந்தார்கள் என்று அடித்துச் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

விழாப் பொறுப்பாளர் ஓசெல் அவள் காதருகே குனிந்தாள்.

"சிஸ்டர், சாப்பாடு ஆறுது. பேருக்கு அர்த்தம் அவரே சொல்லிட்டாரே, நீங்க வேற எதுக்கு?"

வெர்னெட்டா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். எதிரே க்ளோவிஸ். தொப்பி கையில் இருந்தது.

"மூவாயிரம் வருஷமா? இதை ஏண்டி என்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லல? கோப்பையைக் குடு. அம்மாவுக்கு நான் ஊத்துறேன்."

அவளே எடுத்துக் கொடுத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கேட்டது கிடைத்துவிடும். மண் நிரப்பிய தொட்டியை நோக்கி அவர் நடந்தார். அம்மாவின் பெயரைச் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டபோது அவளால் தாங்க முடியவில்லை. அம்மா பெயரை ஒரு பொய்யின் மேல் ஏற்றுவதா?

"அண்ணே, அந்த ஆள் சொன்னது பொய்."

அவர் கை அப்படியே நின்றது.

அவள் மெதுவான குரலில் மளமளவென்று சொல்லி முடித்தாள். முதல் அறுவடையைக் கொண்டாடும் வழக்கம் ஆப்பிரிக்காவில் பழையதுதான். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் 'மதுண்டா யா குவான்ஸா' என்றால் முதல் கனிகள். அதிலிருந்துதான் இந்தப் பெயர். ஆனால் பெயரை எடுத்துப் பண்டிகைக்கு வைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். இங்கே வாட்ஸ் பகுதியில் கலவரம் மூண்டு தெருக்கள் எரிந்த மறுவருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில்.

"அப்போ நான் சொன்னதுதான் சரி."

"நீ சொன்னது சரிதான். நாமளே உண்டாக்கினோம். அதுல என்ன கேவலம்?"

"அரை நிமிஷம் உன்னால சும்மா இருக்க முடியல, இல்ல?"

கோப்பையை அவள் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். விருந்தினர் வேறு அந்த நேரம் பார்த்துப் புன்னகையோடு தலையசைத்தார். கோப்பையை அந்த ஆள் மேல் வீசினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. வீசவில்லை. அம்மாவின் பெயரைச் சொன்னாள். தண்ணீரைத் தானே ஊற்றினாள்.

திரும்பும்போது க்ளோவிஸ்தான் காரை ஓட்டினார். நாலைந்து சிக்னல் தாண்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"அவ்வளவு தண்ணியா ஊத்துறது? வீணாக்கினா அம்மாவுக்குப் பிடிக்காது."

வெர்னெட்டா திரும்பினாள்.

"நீதான் வெளியே போயிட்டியே. உனக்கு எப்படித் தெரியும்?"

"கதவு திறந்துதான் இருந்துச்சு."

"அவ்வளவு அக்கறை இருந்தா நீயே ஊத்தியிருக்கலாம்ல?"

அவர் கியரை மாற்றினார். ஆத்திரம் தாங்காமல் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.