வெயிட்டு உட்கார்ந்திருந்த வண்டி

மெத்தைக்கடை பிக்கப் வண்டியின் உள்கண்ணாடியில் பார்த்தால், செத்துப்போன வெயிட்டு பின்னால் உட்கார்ந்திருப்பது தெரியும். கழுத்தைத் திருப்பி நேராகப் பார்த்தால் அங்கே அன்றைய சரக்கு மட்டும்தான் இருக்கும். கண்ணாடியில் அவன் ஒரு பெரிய மெத்தையின் மேல் மண்டியிட்டு, அதன் முன்விளிம்பை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி, வண்டி போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சட்டை முதுகில் புடைத்திருக்கும், முடி பின்னால் பறக்கும். ஒன்பது வருடங்களாக இப்படித்தான். போன வருடம் அவனுக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கியது.

வெயிட்டு, மெத்தைக்காரரின் மனைவிக்குத் தம்பி. தெருவே அவளை அக்கா என்று கூப்பிட்டது அவன் கூப்பிட்டதைக் கேட்டுத்தான். ஊதினால் பறந்துவிடுவான் போல அத்தனை ஒல்லி. ஆனாலும் அவனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் தொழில். மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டினால் உறையில் தழும்பு விழும். தழும்பைப் பார்த்த வாடிக்கையாளர் இது யாரோ படுத்துத் திருப்பிக் கொடுத்ததா என்று கேட்பார், விலையில் கை வைப்பார். அதனால் அந்த ஊர் மெத்தைக் கடைகளில் யாரும் கயிறு கட்டுவதில்லை. மெத்தையின் மேல் ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். அக்கா உறை தைப்பாள், மாமா வண்டி ஓட்டுவார், தம்பி மேலே உட்காருவான். "படிச்சிருந்தா நாற்காலியில உக்காந்திருப்பேன், படிக்காததால மெத்தையில உக்காந்திருக்கேன், பாருக்கா என் யோகத்தை" என்பான். ஒருநாள் பாலத்தின் மேல் குறுக்கே அடித்த காற்று மெத்தையை அவனோடு சேர்த்துத் தூக்கி, கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே வைத்தது. மெத்தையில் ஒரு கீறல் இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள், கயிறு வாங்கி வருவதற்காக மெத்தைக்காரர் வண்டியை எடுத்தார். எடுத்தபோது கண்ணாடியைப் பார்த்தார்.

முதல் சில மாதங்கள் ஊர்க்காரர்கள் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு பழகிவிட்டது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் உள்கண்ணாடியில் எட்டிப் பார்த்து, பின்னால் ஆள் ஏற்றியதற்காக இரண்டு முறை அபராதம் போட்டார், மூன்றாம் முறை மெதுவாகப் போகச் சொல்லி விட்டுவிட்டார். அக்கா அந்தக் கண்ணாடியைக் கழற்றிப் படுக்கையறைச் சுவரில் மாட்டிப் பார்த்தாள். அதில் கட்டிலும் அலமாரியும் மட்டும் தெரிந்தன. வண்டியில் கடையிலிருந்து புதிதாக வாங்கிய கண்ணாடியை மாட்டினார்கள், அதில் தம்பி தெரிந்தான். ஆக, அவன் இருந்தது கண்ணாடியில் அல்ல, வண்டியில். இது புரிந்த பிறகு அக்கா உறைகளைத் தைத்து முடித்ததும் தினமும் கொஞ்ச நேரம் நிற்கும் வண்டியில் போய் உட்காருவாள். கடையில் நடந்ததைச் சொல்லுவாள். அவன் பதில் சொன்னதில்லை, பார்வையைத் திருப்பியதும் இல்லை.

வண்டிக்கு வயதானது. தரை துருப்பிடித்து, கால் வைக்கும் இடத்தில் சாலை தெரிந்தது. மழைநாளில் மெத்தைக்காரரின் செருப்பு நனைந்தது. பிரேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் ஒரு முறை பிடித்தது. புதிதாக ஒரு நடுத்தர அளவு பிக்கப் எடுத்துவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், அக்கா கேட்காதவள் போல ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், பார்ப்பதற்குக் காசா பணமா என்று சொல்லி அவளை ஷோரூமுக்கு அழைத்துப் போனார். அங்கே வெள்ளை நிறத்தில், நான்கு கதவுகளோடு, புது ரப்பர் வாசனையோடு அது நின்றது. கண்ணாடிக்குப் பதிலாக ஒரு திரை இருந்தது. "பின்னாடி கேமரா வெச்சிருக்குங்க மேடம், இருட்டுலகூட பின்னாடி இருக்கறவங்க எல்லாரும் பளிச்சுன்னு தெரிவாங்க" என்றாள் விற்பனைப் பெண்.

"எல்லாருமா?" என்று கேட்டாள் அக்கா.

அந்தப் பெண் விலைப்பட்டியலை எடுத்து நீட்டினாள். பழைய வண்டிக்கு விலை போடுகிறவர் வந்தார். டயரை உதைத்தார், தரையைத் தட்டினார், உள்ளே ஏறிக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இறங்கி வந்து, "டயர் தேஞ்சிருக்கு, தரை போயிருச்சு, அப்புறம் கண்ணாடியில ஒருத்தர் இருக்காரு. மூணுக்கும் கழிக்கணும்" என்றார்.

"அவன் என் தம்பிங்க."

"தெரியுதும்மா, ஜாடை இருக்கு. ஆனா அடுத்து வாங்கறவருக்கு அவரு யாரு? இதையெல்லாம் திருப்பி விக்க முடியாது, நேரா உடைக்கத்தான் போகும். எந்திரத்துல வெச்சு அமுக்கிருவாங்க."

அக்கா எழுந்து, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மெத்தைக்காரர் தரைக்குத் தகரம் அடித்தார். அவளுக்கு அந்த வண்டி உலோகமாகத் தெரியவில்லை. தம்பியை ஒருமுறை தூக்கிக் கொடுத்தாயிற்று, இன்னொருமுறை எந்திரத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்பதுதான் அவள் கணக்கு.

அடுத்த வருடம், ஒரு விடுதிக்கு மெத்தைகள் ஏற்றிக்கொண்டு இருவரும் சரிவில் இறங்கும்போது பிரேக் இரண்டாவது மிதிக்கும் பிடிக்கவில்லை. மூன்றாவதுக்கும் பிடிக்கவில்லை. மெத்தைக்காரர் வண்டியை ஓரத்தில் கொட்டியிருந்த மணல் மேட்டில் ஏற்றி நிறுத்தினார். ஸ்டியரிங்கில் இடித்து உதடு கிழிந்தது. எஞ்சின் அணைந்து, மணல் சரியும் சத்தம் மட்டும் கேட்டது. அக்காவுக்கு முதலில் தம்பி நினைவுதான் வந்தது. கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். வண்டி மூக்கு புதைந்து நின்றதில் அவன் துளியும் அசைந்திருக்கவில்லை. அதே மண்டி, அதே பிடி. முடி பறந்துகொண்டிருந்தது. சட்டை படபடத்தது. காற்று அடித்து அடித்துக் கண்களில் வழிந்த நீர் காதுப்பக்கம் ஓடியது. இத்தனை வருடங்களாக அந்த முடி பறப்பதைப் பார்த்தவள்தான். மூக்கைப் போல, காதைப் போல அதுவும் அவனுடைய உருவம் என்று இருந்துவிட்டாள்.

"என்னங்க, வண்டி நின்னிருச்சுல்ல?"

"பின்ன? மணல்ல பொதைஞ்சு கெடக்கு."

"அவனுக்கு நிக்கலையே. அவன் இன்னும் பாலத்து மேல போயிட்டே இருக்கான். நாம தூங்கறப்பவும் போயிட்டு இருந்திருக்கான். வெரலப் பாருங்க, எப்படி வெளுத்திருக்கு."

அன்று சாயங்காலமே வண்டியை மாற்றிவிடுவோம் என்றாள். இப்போது மெத்தைக்காரர் மாட்டேன் என்றார். வருடக்கணக்கில் கெஞ்சியவர், பிரேக்கைச் சரிசெய்துகொள்ளலாம், தரைக்கு இன்னொரு தகரம் அடிக்கலாம் என்று கிழிந்த உதட்டோடு வாதாடினார். கடைசியில், "அவன் இருக்கானான்னு ஒருதரம் கண்ணாடியப் பாத்துட்டாதான் எனக்குக் கால் ஆக்சிலேட்டர்ல அழுந்துது. மாப்ள அங்க இல்லைன்னா நான் எப்படிடி ஓட்டுவேன்?" என்றார்.

"நீங்க ஓட்டறதுக்காக அவன் புடிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

அவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் ஷோரூமுக்குப் போய், தருவதாகச் சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் தலையாட்டினார். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். உடைக்கும் இடத்துக்கு வண்டியைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். உடைத்தால் அவனுக்கு வண்டி நிற்குமா, இல்லை அவனும் சேர்ந்து நசுங்குவானா என்று அவள் பலரிடம் விசாரித்திருந்தாள். யாருக்கும் தெரியவில்லை.

உடைக்கும் இடம் ஊருக்கு வெளியே, எண்ணெய் ஊறிக் கறுத்த தரையோடு இருந்தது. உடைப்பவர் கையுறையைக் கழற்றாமலே கும்பிட்டார். "கண்ணாடியில ஆளுன்னு சொன்னாங்க. எறங்கச் சொல்லிருங்கம்மா" என்றார். அவனுக்குக் காது கேட்காது என்றாள் அக்கா. "அப்ப ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாப்போம்" என்றார் அவர். மெத்தைக்காரர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. வெளியே, பழையதைக் கட்டி இழுத்து வந்த புது வண்டியில், அணைந்திருந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா பழைய வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டாள். பேட்டரியைக் கழற்றினார்கள், முடி பறந்தது. எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள், பறந்தது. வண்டியைக் கட்டைகள் மேல் நிறுத்தி முன்சக்கரங்களை உருவினார்கள், பின்சக்கரம் ஒன்றை உருவினார்கள், அப்போதும் பறந்தது. கடைசிச் சக்கரத்தின் கடைசி மரையைக் கழற்றியபோது, முடி அவன் நெற்றியில் விழுந்தது.

சட்டை முதுகோடு ஒட்டியது. வெயிட்டு கண்களைச் சிமிட்டினான். பேருந்தில் தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தத்தில் விழித்தவனைப் போல அக்கம்பக்கம் பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கைகளை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டான். பிறகு மெத்தையில் தன் முட்டிகள் பதிந்திருந்த இரண்டு குழிகளையும் தடவிச் சமப்படுத்தினான். அதன் பிறகுதான் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான். அக்கா என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், வாய் அப்படித்தான் அசைந்தது. அவள் தலையாட்டினாள். அவன் பக்கவாட்டுத் தகட்டைப் பிடித்துக் காலை மெல்லக் கீழே விட்டு இறங்கி, கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டிப் போனான். அவள் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். சுவரும் அடுக்கிய கதவுகளும் தெரிந்தன.

உடைப்பவர் ஜன்னலருகே வந்து, "எறங்கிட்டாரா?" என்றார்.

"எறங்கிட்டான்."

"அப்ப ஆரம்பிச்சிரலாமா?"

"கொஞ்சம் பொறுங்க. முட்டி மரத்துப் போயிருக்கும், மெதுவாத்தான் நடப்பான். இந்தச் சத்தம் கேக்காத தூரத்துக்குப் போயிரட்டும்."

அது நியாயம்தான் என்று உடைப்பவருக்குப் பட்டது. எந்திரத்தை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஆட்கள் கையுறைகளைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள்.