சாம்பல் சட்டி

சவப்பெட்டிக்கு முன்னால் ஒரு செங்கல். அதன் பக்கத்தில், செத்துப்போன அம்மாவுக்காகக் காகிதம் எரித்த சாம்பலோடு மண்சட்டி. மூத்த மகன் அந்தச் சட்டியைத் தலைக்குமேல் தூக்கிச் செங்கல்லில் ஒரே போடாகப் போட்டு உடைக்க வேண்டும். சத்தம் கேட்டதும் சுமப்பவர்கள் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். அப்புறம் குழி வரும்வரை பெட்டி தரையில் படக்கூடாது.

மூத்தவன் யோவ்தியென் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் அவனுடைய சபைக்காரர்கள், பாட்டுப் புத்தகங்களோடு.

"தூக்குண்ணே," என்றான் இளையவன் மான்சாங்.

"பேய்க்கு எரிச்ச சாம்பலை நான் தொடமாட்டேன்னு நேத்தே சொல்லிட்டேன். ஜெபம் பண்ணிப் புதைப்போம்."

அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் மலமும் மூத்திரமும் அள்ளியவன் மான்சாங்தான். சுரங்கத்திலிருந்து கரி படிந்த முகத்தோடு வந்து, கையை மட்டும் கழுவிவிட்டு அவளைப் புரட்டிப் போடுவான். மணிமாலையை உருட்டியபடியே அவள் கேட்டது ஒன்றுதான். "என் சட்டி உங்கண்ணன் கையால உடையணும்டா. வேற யாரு உடைச்சாலும் என் மூத்தவன் செத்துட்டான்னு அர்த்தம்." சரியென்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

"அம்மா கேட்டாண்ணே."

"அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சுரங்கக் கூரை இடிஞ்சு நான் உள்ள கிடந்தப்போ உன் புத்தர் வரல. ஏசுதான் வந்தார்."

மான்சாங் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சட்டியில் அழுத்தினான். யோவ்தியென் கையை உதறினான். சாம்பல் எகிறி இருவர் கண்ணிலும் விழுந்தது. மான்சாங் முதல் குத்தை விட்டான். அண்ணனின் உதடு கிழிந்தது.

"அடி. நான் திருப்பி அடிக்கமாட்டேன்."

இரண்டாவது குத்தில் ஒரு பல் போனது. மூன்றாவது விழுவதற்குள் யோவ்தியென்னின் பொறுமையும் போனது. கரி வெட்டிய கை அது. தம்பியின் மூக்கில் இறங்கியது. இருவரும் உருண்டார்கள். ஊதுவத்திக் கிண்ணம் கவிழ்ந்தது. விலக்க வந்த சபைக்காரர் ஒருவர் அடிவயிற்றில் உதை வாங்கிச் சுருண்டார்.

"கோழியைக்கூட அறுக்கமாட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணவன்டா இவன்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"அண்ணன் கோழியில்லையே," என்றான் இன்னொருவன். சிலர் சிரித்தார்கள்.

மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த பிக்குணி எழுந்து வந்தாள். "நிறுத்து மான்சாங். சட்டி உடைக்கச் சொல்லி எந்தச் சூத்திரத்துலயும் இல்ல."

"நீங்க மந்திரத்தைப் பாருங்கம்மா!"

யோவ்தியென் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "கேட்டியா? உன் ஆளே வேணாங்கறா. நீ யாருக்குடா நாய் மாதிரி குரைக்கிற?"

சட்டி எப்போது கைக்கு வந்தது என்று மான்சாங்குக்குத் தெரியாது. இரண்டு கையாலும் தூக்கி அண்ணனின் தலையில் இறக்கினான்.

சட்டி உடைந்தது.

சுமப்பவர்களின் தலைவன் கிழவன் சுய், பெட்டியின் மறுகோடியில் குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். சண்டையை அவன் பார்க்கவில்லை. அவன் காது காத்திருந்தது சட்டிச் சத்தத்துக்கு மட்டும். "எழுப்பு!" என்று கத்தினான். பெட்டி எழும்பிவிட்டது.

"ஐயோ, வழியில ஆள் கிடக்கு!"

"இனி இறக்க முடியாதுடா! நட!"

முன்வரிசைக்காரனின் கால் ரத்தத்திலும் சாம்பலிலும் வழுக்கியது. பெட்டி சரிந்தது. தரையிலிருந்து யோவ்தியென் முட்டி போட்டு எழுந்து, பெட்டி சுமக்கும் தடிக்கடியில் தோளைக் கொடுத்தான். நெற்றியில் ஓட்டுத் துண்டு ஒன்று குத்தி நின்றது. உறைந்து கிடந்த சோள வயல் நெடுக அவன் சுமந்தான். மான்சாங் பின்னாலேயே போனான். வெள்ளைத் துணி கட்டிய அண்ணனின் முதுகில் சிவப்பு இறங்கிக்கொண்டே இருந்தது.

பெட்டியைக் குழியில் இறக்கினார்கள்.

"மூத்தவன் தலையில உடைஞ்சது, மூத்தவன் உடைச்ச கணக்குதான்," என்றான் சுய். பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

"நான் உடைக்கல," என்றான் யோவ்தியென். நாக்கு குழறியது. "கர்த்தர் பார்த்தார்."

"அம்மாவும் பார்த்தா," என்றான் மான்சாங். சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா பார்த்தது யார் கையை?

யோவ்தியென் மண்மேட்டில் உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் வந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான்.

சபைக்காரர்கள் அவனைச் சுற்றி மண்டியிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார்கள். பிக்குணியும் தன் மந்திரத்தை ஆரம்பித்தாள்.

மான்சாங் அண்ணனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினான்.

"நீதாண்ணே உடைச்சே! கேக்குதா? நீதான் உடைச்சேன்னு சொல்லு! ஒருதடவை சொல்லுண்ணே!"

அண்ணனின் கைகள் அவன் மார்பில் இடித்து இடித்து ஆடின.