கிழவிக்கு எண்ணெய் ஆகாது

முதல் தோட்டா வெடித்தது. தூரத்தில் இரும்புத் தகடு ‘டிங்’ என்று சாய்ந்தது. அதுவரை சரி.

காலித் தோட்டாதான் வெளியே விழவில்லை.

லோர்னா துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தாள். அடிவயிற்றுத் திறப்பில் பித்தளைக் கூடு பாதி உள்ளே, பாதி வெளியே கடிபட்டுக் கிடந்தது. அவள் அதைச் சரிசெய்து முடித்ததிலிருந்து ஒருநாளும் நடக்காத விஷயம்.

“என்னம்மா, உன் துப்பாக்கிக் கிழவிக்குப் பல்லு மாட்டிக்கிச்சா?” பக்கத்து மேஜையிலிருந்து டுவைட் குரல் கொடுத்தான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பென்சில்வேனியா மலையில் ஜனவரிக் காலை. சிரித்த ஒவ்வொருவர் வாயிலிருந்தும் புகை வந்தது.

“இது பழகு சுற்று, டுவைட். கணக்குல வராது.”

“வராதுதான். அடுத்த சுற்று வரும்ல?”

வரும். அதுதான் பிரச்சினை.

ஊர்த் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்ட வருஷாவருஷம் நடக்கும் பன்றித்தொடைப் போட்டி அது. ஜெயித்தவருக்கு ஒரு முழுத் தொடை. எல்லோரும் சின்னத் தோட்டா ரைஃபிள்தான் கொண்டு வருவார்கள். ஆனால் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பழைய ரகம் இன்று களத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். லோர்னாவுடையது. அவள் அப்பா பிறப்பதற்கு முன்னால் செய்தது. போன வருஷம் யாரோ கொண்டு வந்த இன்னொரு பழசு சிக்கிச் சிக்கி எல்லோரையும் குளிரில் காக்க வைத்ததிலிருந்து டுவைட் ஒரே பிடியாக நின்றான். பழைய தானியங்கிகளைத் தடை செய்ய வேண்டும். படைத் தலைவர் எல்வுட் தீர்ப்பு சொல்லியிருந்தார்: “லோர்னாவோடது இன்னிக்குச் சிக்கினா தடை. சிக்கலைன்னா இந்தப் பேச்சை இனிமே யாரும் எடுக்கக் கூடாது.”

பத்தொன்பது வயதில், பனி வாரும் லாரி ஓட்டி வாங்கிய முதல் சம்பளத்தில், ஒரு பண்ணை ஏலத்தில் எடுத்த துப்பாக்கி. அப்போது அது வெறும் துரு. ஒவ்வொரு ஸ்பிரிங்காக மாற்றினாள். கூட்டை இழுக்கும் கொக்கி எங்கும் கிடைக்காமல், இரும்புத் துண்டை அரம் போட்டுத் தானே செய்தாள். குழலின் நீலச் சாயம் கைபடும் இடத்தில் மட்டும் தேய்ந்து வெள்ளியாய் மின்னும். அங்கே மறுபடி சாயம் ஏற்றித் தருவதாக எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். “அது என் கை தேய்ச்ச இடம். இருக்கட்டும்” என்பாள்.

வீட்டில் அதற்கென்று சட்டங்கள் உண்டு. போட்டிக்கு முந்தைய இரவே அது வெளியே நிற்கும் குளிர்ந்த லாரிக்குப் போய்விட வேண்டும். சூடான அறையிலிருந்து பனிக்கு, பனியிலிருந்து சூட்டுக்கு என்று அலைந்தால் இரும்பு வியர்க்கும். தோட்டா இல்லாமல் விசையை அழுத்தவே கூடாது. இந்த ரகத்தில் தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி அதன் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லையென்றால் அடி நேராகக் குழலின் பின்பக்க வாயில் விழுந்து பள்ளமாக்கிவிடும். அவள் கணவன் மெர்ல் கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படி அழுத்தப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது ஊருக்கே தெரியும்.

மூன்றாவது சட்டம்: குளிர்காலத்தில் உள்ளே எண்ணெய் கிடையாது. ஒரு சொட்டுகூட.

லோர்னா கூட்டை விரலால் தட்டி எடுத்தாள். மீதித் தோட்டாக்களை இறக்கினாள். தோட்டாவை உள்ளே தள்ளி, சுட்டதும் பின்னால் ஓடும் போல்ட்டை இழுத்துவிட்டாள். அது ‘சடக்’ என்று போகவில்லை. தூக்கம் கலையாதவன் மாதிரி ஊர்ந்து போனது.

கையுறையைக் கழற்றி விரலை உள்ளே விட்டாள். வெளியே வந்த விரல் பளபளத்தது.

மெதுவாகத் திரும்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் மெர்ல் இரண்டு கைகளிலும் காபிக் கோப்பையோடு நின்றிருந்தான். அவன் முகமே வாக்குமூலம்.

“மெர்ல்.”

“காலைல நீ வீட்டுக்குள்ள கிளம்பிட்டு இருந்தப்போ லாரிக்குப் போயி... இன்னிக்கு எல்லாரும் பாப்பாங்களே, பளபளன்னு இருக்கட்டுமேன்னு...”

“எவ்வளவு ஊத்தினே?”

“நல்லாத்தான் ஊத்தினேன்.”

டுவைட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “எனக்கு எதிரியே தேவையில்ல மெர்ல், நீயே போதும்!”

லோர்னா திட்டவில்லை. திட்ட நேரமில்லை. இந்தக் குளிரில் எண்ணெய் தேனாக இறுகிவிடும். சின்னத் தோட்டாவின் உதைக்கு அந்தப் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது. எத்தனை சுட்டாலும் சிக்கும்.

“எல்வுட், காபி இடைவேளை எப்போ?”

“இப்பவே விடறேன். எல்லாரும் குடிச்சு முடிச்சதும் ஆட்டம்.”

“உங்க லைட்டருக்கு ஊத்தற பெட்ரோல் டப்பா இருக்கா?”

எல்வுட் கோட்டுப் பையில் கைவிட்டார். வாயில் புகையிலை பைப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

“இது என்ன நியாயம்? நடுவரே உதவலாமா?” என்றான் டுவைட்.

“நீ கேட்டா உனக்கும் தருவேன். உனக்கு என்ன வேணும், சொல்லு.”

“ஒண்ணும் வேணாம்.”

“அப்போ காபியைக் குடி.”

“டப்பாவைக் குடுத்துட்டு பைப்பைத் தூரமாக் கொண்டு போங்க தலைவரே,” என்றாள் லோர்னா. “நம்ம தீயணைப்பு வண்டி நமக்கே வர வேணாம்.”

லாரியின் பின்கதவைத் தாழ்த்தித் துண்டை விரித்தாள். குழலை ஒரு திருகு. துப்பாக்கி இரண்டாகக் கழன்றது. திருப்புளி தேவையில்லை. செய்தவன் அப்படிச் செய்திருந்தான். விசைப் பகுதி வந்தது, போல்ட் வந்தது, ஊசி வந்தது. பெட்ரோலை ஊற்றினாள். மஞ்சளாய் எண்ணெய் கரைந்து துண்டில் வடிந்தது. விரல்கள் மரத்துப் போயின. கையுறை போட்டால் ஸ்பிரிங் பிடிபடாது. ஸ்பிரிங் பனியில் விழுந்தால், பனி உருகும் மார்ச்சில்தான் கிடைக்கும்.

“நான் ஏதாவது...” மெர்ல் பக்கத்தில் வந்தான்.

“துடை. காய்ஞ்ச துணியால. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் துடை.”

துடைத்தான். காற்று மிச்சத்தைக் காய வைத்தது. அவள் பாகங்களைக் கோத்து, குழலைத் திருகிப் பூட்டி, போல்ட்டை இழுத்துவிட்டாள்.

சடக்!

மெர்லுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டுவைட் முதலில் சுட்டான். பத்துத் தகடு, எல்வுட் இரண்டாவது விசில் ஊதுவதற்குள். கைப்பிடியை ஒவ்வொரு தடவையும் இழுத்துத் தள்ளும் துப்பாக்கி. ஆனாலும் கை மின்னலாக ஓடியது. பத்தும் சாய்ந்தன. அவன் குறி தப்பாதவன். அதை லோர்னாவே மறுக்க மாட்டாள்.

அவள் முறை. தோளில் பதியும் மரக்கட்டையின் பக்கவாட்டுத் துளை வழியே தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். தகடுகளை யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் துப்பாக்கியின் அடிவயிற்றில்.

விசில்.

டப். கூடு விழுந்தது. டப். விழுந்தது. டப் டப் டப். பித்தளைக் கூடுகள் மேஜையில் குதித்து, பனியில் புஸ்ஸென்று புதைந்தன. ஏழு. எட்டு. ஒன்பதாவதுக்கு அவள் கண் ஓரத்தில் குளிர்க் கண்ணீர் திரண்டது. சுட்டாள், தகடு அசையவில்லை. பத்தாவது சாய்ந்தது. பத்தாவது கூடும் விழுந்தது.

“ஒன்பது!” என்று எல்வுட் கத்தினார். “தொடை டுவைட்டுக்கு!”

லோர்னா துப்பாக்கியை மேஜையில் வைத்தாள். முகத்தில் சிரிப்பு பரவியது. தோற்றவள் சிரிப்பில்லை அது.

“அந்த ஒண்ணு என் தப்பு. அதோட தப்பில்ல. எழுதிக்குங்க தலைவரே.”

“எழுத என்ன இருக்கு? பத்து சுட்டது, பத்தும் துப்பிச்சு. ஊரே பாத்துச்சு. டுவைட், என்ன சொல்றே?”

டுவைட் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். “என்னத்தச் சொல்ல? எண்ணெயில குளிப்பாட்டியும் கிழவி ஓடுது. தடை கிடை எல்லாம் வாபஸ்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “லோர்னா... ஒரு தடவை நான் சுட்டுப் பாக்கவா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஐந்து தோட்டா போட்டு நீட்டினாள்.

டுவைட் தோளில் வைத்தான். சரசரவென்று ஐந்தும் போயின. அவன் முகத்தில் பத்து வயது குறைந்தது. “அடேயப்பா, வெண்ணெய் மாதிரி!” அந்த உற்சாகத்தில் விரல் மறுபடி விசைக்குப் போனது.

“அழுத்தாதே!”

கத்தியது லோர்னா இல்லை, மெர்ல். காபி சிந்த வேலியைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தான். “உள்ள காலிடா முட்டாள்! குழல் வாயி பள்ளமாயிடும்! முதல்ல போல்ட்டைத் திறந்து பாரு!”

களமே சிரித்தது. டுவைட் பத்திரமாக விரலை எடுத்துக்கொண்டான்.

லோர்னா மேஜையிலிருந்து ஒரு காலிக் கூட்டை எடுத்து மெர்லின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதை உள்ள வெச்சு நீயே விசையை அழுத்தி ஊசியை இறக்கு, அடி குழல்ல படாது,” என்றாள். அதுவரை அந்த வேலையை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை.