அடுத்த திங்களுக்குள்

காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தபடி புகழேந்தி கரூரைத் தாண்டிக்கொண்டிருந்தான். மனசுக்குள்தான். சிவகாசியில் இருட்டோடு கிளம்பிவிட வேண்டும். மதுரையில் சாப்பிட நிறுத்தினால் நேரம் போகும், திண்டுக்கல் தாண்டி நிறுத்தலாம். கரூரில் ஒரு டீ. சேலம் போய்விட்டால் அப்புறம் தொப்பூர் மேடு. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் ஆக வேண்டும், அதில் அவசரப்பட்டுப் பயனில்லை. ஓசூரைக் கடந்து பெங்களூருக்குள் நுழையும்போது விளக்குப் போட்டிருப்பார்கள். அன்றைக்கு எந்தக் கடைக்கும் போகக்கூடாது. அறை எடுத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் சாயங்காலம்தான் முதல் பீர்க் கடை. ஓட்டுகிறவன் குடித்த நாளில் வண்டி நகரக்கூடாது என்பது அவன் போட்ட முதல் விதி. பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை வெயில் ஏறுமுன் முடிந்ததா, ஈரச் சாக்கு வாசலில் கிடக்கிறதா, அறைக்கு எத்தனை ஆள் என்று பல வருஷம் ஒழுங்கு பார்த்த மூளை அது. பார்க்க இப்போது கம்பெனி இல்லாததால் பீர்க் கடைகளை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தது.

அறைக்கு எத்தனை ஆள் என்ற ஒன்றில்தான் அந்த மூளை தவறியது. நாலு பேர் இருக்க வேண்டிய அறை. சீசன் லோடு அனுப்ப வேண்டும் என்று முதலாளி விடாமல் போன் பண்ணிக்கொண்டிருந்த ஆடி மாசத்துக் காலையில், மரத்தடியில் காகிதக் குழல் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டு அதற்குள் உட்கார வைத்தவன் அவன்தான். அதில் ஒருத்தி மாரிசெல்வி, அவன் தெருவுக்கு அடுத்த தெருக்காரி. வெடித்தபோது அந்த அறையிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. போர்மேன் என்று வழக்கில் அவன் பேர் ஏறியது. சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை.

ஏட்டையா வெற்றிலையை மென்றுகொண்டே வந்தார்.

"யோவ் போர்மேனு, உமக்கு நல்ல சேதிய்யா. கோர்ட்டுல இருந்து பேப்பர் வந்திருக்கு. இனிமே திங்களுக்குத் திங்கள் வந்தாப் போதுமாம்."

புகழேந்தி எழுந்து நின்றான்.

"என்னய்யா பேயறைஞ்ச மாதிரி நிக்கீரு? தெனமும் உம்ம மூஞ்சியில முழிச்சி முழிச்சி எனக்கும் பழகிப்போச்சு. எங்கயும் ஓடிராதேயும்."

"ஓடுறதுக்கு எங்கன சார் இருக்கு."

சொன்ன மறுகணமே அது பொய் என்று அவனுக்குப் பட்டது. ஓடுவதற்கு ஓரிடம் இருந்தது. அதற்கு அவன் வழியெல்லாம் குறித்து வைத்திருந்தான்.

அந்த இடத்தை அவனுக்குச் சொன்னவன் மணிகண்டராஜ். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அப்புறம் இவன் பட்டாசுக் கம்பெனிக்குப் போனான், அவன் தன் அப்பாவின் அச்சாபீசில் உட்கார்ந்தான். ஐஸ் தண்ணீரில் கிடந்தாலும் கழலாத லேபிள் அடிக்கும் ஆர்டர் ஒன்று பெங்களூரிலிருந்து கிடைக்க, மாதிரி காட்டப் போனவன் திரும்பி வந்து ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குச் செம்பு அண்டா. பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறார்கள். முதலில் பலகையில் சின்னச் சின்னக் கிளாசாக வைத்துக் கொடுத்து, ருசி பார்த்து எது வேண்டும் என்று சொல்லச் சொல்கிறார்கள்.

"கோதுமைல காய்ச்சுறான்லே. மோந்து பாத்தா வாழைப்பழ வாசன வருது. இன்னொன்னு மாம்பழம் போட்டது."

"பேசாம பழனிக்குப் போயி பஞ்சாமிர்தம் வாங்கியிருக்கலாம்லா?"

"நீ வரணும்லே. வந்து ஒரு வாய் குடிச்சிட்டு அப்புறம் பேசு. அங்கன ஒரு பய ஒருத்தன நிமிந்து பாக்க மாட்டான். அவனவன் கிளாசு, அவனவன் பேச்சு."

விபத்துக்கு முந்தி இது சும்மா பேச்சு. தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும் நாட்களில், ஒவ்வொரு வருஷமும் போவோம் போவோம் என்று பேசிப் போகாமல் விட்ட பயணம். சிறையிலிருந்து வந்த பிறகு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் புகழேந்திக்குள் தனியாகக் கிடந்து முளைத்தது. ஒரு பய ஒருத்தன நிமிந்து பாக்க மாட்டான். பீர் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. சீசன் முடிந்த அன்று ஒரு பாட்டில் குடிப்பவன், அதையும் முழுசாக முடிக்காதவன். இப்போது டீக்கடையில் அவன் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகவே வருகிறது. கொத்தனார் வேலைக்குச் சித்தாளாகப் போன இடத்தில்கூட, மேஸ்திரி இரண்டாம் நாள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சாயங்காலம், தெரியாத ஊரில் தெரியாத ஆட்களுக்கு நடுவில், கையில் என்ன இருந்தாலும் சரி, வெறும் ஆளாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

அதனால்தான் அவ்வளவு நுணுக்கமாக வழி போட்டான். காலண்டர் அடித்து வீணான தாள்களின் முதுகில் மணிகண்டராஜின் அச்சாபீசில் வைத்துக் கோடு இழுப்பான்; வெளிச்சத்தில் பிடித்தால் சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே மறுபக்கத்து முருகனின் வேல் தெரியும். முதலில் கோவா வரைக்கும் போட்டிருந்தான். கையெழுத்து வாரம் ஒன்று என்று ஆனதும் அளந்து பார்த்தான். ஒரு திங்கள் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினால் அடுத்த திங்கள் காலையில் இதே பெஞ்சில் இருக்க வேண்டும். வழியில் டயர் வெடித்தால், மழை பிடித்தால் என்று ஒரு நாளைக் கையிருப்பாக வைத்தபோது கோவா கழன்றது. கையெழுத்துப் போட்டபின்தான் கிளம்ப முடியும் என்பதால் இருட்டோடு கிளம்புவதும் கழன்றது. முதல் ராத்திரி தங்கல் சேலம் என்றாயிற்று. பெங்களூரில் இரண்டு கடை, மைசூரில் ஒன்று. போதும்.

"குடிக்கவா அம்புட்டுத் தூரம் போறீக?" என்றாள் பானுப்பிரியா. அவன் மனைவி. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருப்பவள். அங்கே அவளோடு பேசாதவர்கள் யார் யார் என்று வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

"குடிக்கன்னு இல்ல."

"தெரியும். போயிட்டு வாங்க. அங்கனயாவது தூங்குறீகளான்னு பாப்போம்."

ஆனைக்குட்டம் பக்கத்தில் அவன் குடியிருந்த சின்ன ஊரில் அவன் மிகவும் பயந்தது பேசாதவர்களுக்கு அல்ல, பேசுகிற ஒருத்திக்கு. மாரிசெல்வியின் அம்மா அய்யம்மாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். அவளோ மகள் கம்பெனி வேனுக்கு நின்ற காலத்தில் எப்படிக் கேட்பாளோ அப்படியே, தெருவில் எதிரே வரும்போதெல்லாம் நின்று கேட்டாள். "போர்மேனு, சாப்பிட்டீகளா?" அவன் "ஆச்சு அத்தே" என்பான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அவளைப் பார்த்துவிட்டு வருகிற அன்றைக்குச் சோறு இறங்காது.

மார்கழியில், காலண்டர் லோடெல்லாம் போய் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மணிகண்டராஜ் வீட்டுக்கே வந்தான். மறுநாள் கிளம்புவதாக இருந்தது. கையில் ஒரு துணிப்பை. முகமெல்லாம் சிரிப்பு.

"என்னண்ணே, கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கீக?" என்றாள் பானுப்பிரியா.

"இரு தங்கச்சி, காட்டுறேன். ஏலே, கண்ணை மூடு."

"என்னலே சின்னப்புள்ள மாதிரி."

"மூடுங்கேன்லா."

மூடித் திறந்தபோது மணிகண்டராஜின் உள்ளங்கையில் கனத்த வட்ட அட்டை ஒன்று இருந்தது. பீர்க் கடையில் கிளாசுக்கு அடியில் வைப்பது, வழிகிற ஈரத்தைக் குடிக்கிற அட்டை. அதில் நீலப் பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி கம்பி மத்தாப்பைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மஞ்சள் பொறி.

புகழேந்திக்கு அவளைத் தெரியும். அவன் கம்பெனியின் பாப்பா மார்க். சரத்திலிருந்து வாணம் வரை எல்லாப் பெட்டியிலும் அவள்தான். அந்த லேபிள் மூன்று தலைமுறையாக மணிகண்டராஜின் அச்சாபீசில்தான் அடிபட்டது. அன்றைக்கு அறை இருந்த இடத்தில் சுவர்கூட நிற்காதபோது, ஒட்டக் காத்திருந்த லேபிள்கள் மட்டும் கருகாமல் பறந்து, சுற்றிலும் வேலிக்கருவை முள்ளில் குத்தி நின்றன. ஆள் தேடிக் காட்டுக்குள் ஓடியவன் ஒவ்வொரு முட்செடி மூட்டிலும் அவள் சிரிப்பதைப் பார்த்தான். ஒரு லேபிளை விலக்கித்தான் மாரிசெல்வியின் கொலுசைப் பார்த்தான்.

"வருஷக் கடைசிக்கு அந்தப் பெங்களூர்க் கடைல புதுசா ஒரு பீரு விடுறானுக. பேரே 'சிவகாசி'ன்னு வச்சிருக்கானுக. பழைய பட்டாசுப் படம் வேணும்னு கேட்டானுக. எங்க அப்பா காலத்து ஆல்பத்தைப் பூரா புரட்டினேன். நம்ம பாப்பா மாதிரி ஒண்ணு அமையுமா? உங்க முதலாளிகிட்டயும் கேட்டுட்டேன், சந்தோசமாத் தந்தாரு. கம்பெனி மூடுனாலும் பாப்பா அங்கன டேபிள் டேபிளா உக்காந்திருப்பாள்லா?" மணிகண்டராஜ் மூச்சு விடாமல் பேசினான். ஒரு லேபிள் ஊர் தாண்டிப் போவதென்றால் அவன் வீட்டில் பிள்ளைக்குச் சர்க்கார் வேலை கிடைத்த மாதிரி. "லோடு நம்ம கார்லயே போகுது. இன்னொண்ணு சொல்றேன் கேளு. உன்னப் பத்தியும் சொல்லிட்டேன். பட்டாசுக் கம்பெனி போர்மேனு ஒருத்தர் வாராரு, அவரு பார்க்காத வெடி கிடையாதுன்னு. அன்னைக்கு நமக்குன்னு தனி மேசை. எல்லாருக்கும் உன்கிட்ட கதை கேக்கணுமாம்லே!"

பானுப்பிரியா புருஷனைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"நல்லா அடிச்சிருக்க" என்றான் புகழேந்தி. "கலரு நல்லா விழுந்திருக்கு."

"பொறி பாத்தியா? அந்த மஞ்சளுக்கு நான் பட்ட பாடு!"

"ஆமா. பொறி அப்படியே இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல ஒரு இடம் இருந்தது. அது கடந்து போவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை மாசத்தில் அவன் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றி உள்ளே வந்த ஒரே ஆள் இவன். சிறைக்கு மனுப்போட்டு வந்து பார்த்தவனும் இவன். இவனிடம் எதைச் சொல்வது? காலையில் எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று மட்டும் கேட்டான்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ஏட்டையா, "அடுத்த திங்கள் பாப்போம்யா" என்றார். வாசலில் கார் நின்றது. பின் ஸீட்டில் பெட்டி பெட்டியாக அட்டைகள். அவன் பையை வைக்கக் கதவைத் திறந்தபோது, எதிர்ப் பக்கத்து நிறுத்தத்தில் அய்யம்மாள் நின்றுகொண்டிருந்தாள். நிவாரணக் காகிதம் எதற்கோ தாலுகா ஆபீசுக்குப் போகிறாளாயிருக்கும். மஞ்சப்பையை மார்போடு பிடித்திருந்தாள். அவனைக் கண்டதும் ரோட்டைக் கடந்து வந்தாள்.

"வெளியூருக்கா போர்மேனு?"

"ஆமா அத்தே. ஒரு சோலியா."

"தூரமோ?"

"பெங்களூரு."

அவள் காருக்குள் இருந்த பெட்டிகளைப் பார்த்தாள், பார்க்காத மாதிரியும் இருந்தது. "பதனமாப் போயிட்டு வாங்க. சாப்பிட்டீகளா?"

"ஆச்சு அத்தே."

பஸ் வந்தது, அவள் போய்விட்டாள். மணிகண்டராஜ் இரண்டு காகிதக் கோப்பையில் டீ வாங்கி வந்து ஒன்றை அவனிடம் கொடுத்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அட்டை ஒன்றைப் போட்டு, தன் கோப்பையை அதன்மேல் வைத்தான். "பாரு, எப்படிக் குடிக்குதுன்னு." கோப்பையைத் தூக்கியதும் சிறுமியின் முகத்தைச் சுற்றி ஈர வளையம் ஒன்று இருந்தது. அட்டை அதை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது. சிரிப்பு கலையவில்லை.

"ஏறுலே. வெயிலுக்கு முந்தி மதுரை தாண்டணும்னு நீதானே சொன்ன?"

புகழேந்தி முன் ஸீட்டில் உட்கார்ந்தான். ஒரு கால் இன்னும் தரையில் இருந்தது. டீயைக் குடிக்காமல் கையை நீட்டி, அந்த அட்டையை எடுத்துத் திருப்பி வைத்தான்.

அந்தப் பக்கத்திலும் அவள்தான் இருந்தாள். ஈரம் படாமல், மத்தாப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.